ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு ஸ்விட்ச்

சுவரைத் துளைப்பது அரை நாள் வேலை. எங்கே துளைப்பது என்று வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைப்பது ஒரு வார வேலை. என்னைப்போல ஏணி ஏறிப் பிழைக்கும் ஒயர்மேன்களே, உங்களுக்குத் தெரியாததா!

ஆனால் என் தலைவலி வேறு. வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பெரிய ஃபிரிட்ஜ் வந்ததிலிருந்து, சமையலறை ஸ்விட்ச் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. விடிகாலையில் என் மனைவி செல்வி இருட்டில் கைவிட்டுத் துழாவுவாள், கால் விரலை இடித்துக்கொள்வாள், என்னைத் திட்டுவாள். மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சுவரில் காடி வெட்டினால் டைல்ஸ் உடையும். பரண் வழியாகப் போனால் ஊரைச் சுற்ற வேண்டும். சுவர்மேல் பிளாஸ்டிக் கேசிங் அடித்து அதற்குள் ஒயரை விட்டால், ஒயர்மேன் வீட்டிலேயே இந்த லட்சணமா என்று நாலு பேர் சிரிப்பார்கள். யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மயிலாப்பூர் கரண்டி

மயிலாப்பூரில் ஒரு மாமி. குளித்து மடியாகச் சமைக்கும்போது, எல்லோரும் தொடும் ஸ்விட்சைக் கையால் தொடமாட்டார்; எவர்சில்வர் கரண்டிக் காம்பால் தட்டுவார். பார்த்ததும், "ஷாக் அடிக்கும் மாமி!" என்று கத்திவிட்டேன். அதே விளக்குக்கு அடுப்போரம் அவருக்கென்று இன்னொரு ஸ்விட்ச் என்று ஐந்தே நிமிடத்தில் முடிவு செய்தேன். ஆனால் ஒயர் பழைய ஸ்விட்சிலிருந்துதான் வந்தாக வேண்டும். மடிக்குச் சரிப்படுமோ என்னமோ என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமி சிரித்தார்.

"அதனால என்னப்பா? கங்கை எந்தெந்த ஊர் வழியா வர்றதுன்னு பார்த்துண்டா ஸ்நானம் பண்றோம்?"

தி.நகர் கட்டில்

தி.நகரில் புதுசாகக் கல்யாணமான ஜோடி. படுக்கையறை விளக்கை யார் எழுந்து அணைப்பது என்று தினமும் தகராறு. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஸ்விட்ச் வைத்து, எதைத் தட்டினாலும் விளக்கு அணையும்படி செய்து கொடுத்தேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. ஒரே வாரத்தில் கணவர் போன் செய்தார். இவர் படிக்க விளக்கைப் போடுகிறார், அந்தம்மா அணைக்கிறார், இவர் மறுபடி போடுகிறார்.

"அண்ணே, என் பக்கத்து ஸ்விட்சைக் கழட்டிடுங்க. எப்படியும் நான்தான் தோக்கப்போறேன், நிம்மதியா தோத்துட்டுப் போறேன்."

அடையாறு நேர்கோடு

அடையாற்றில் கடலோரக் குப்பத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர், வாசலில் மீன் அரியும் இடத்துக்கு விளக்கு கேட்டார். ஒயர் கண்ணில் படக்கூடாதே என்று கூரை ஓரமாக வளைத்து நெளித்து, சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டு அழித்தேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னா நைனா, ஒயருக்கு ஊர்கோலமா உட்டுக்கினு கீற? நேரா இஸ்துக்கினு போ. எனக்கு மீனு தெரிஞ்சா போதும்."

எங்கள் வீடு

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. யார் சிரித்தால் என்ன, இன்றைக்கே முடித்துவிடுவது என்று கேசிங் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சமையலறையில் வேறொரு ஒயர்மேன் ஏணிமேல் நின்றிருந்தார். கதவோரம் புது ஸ்விட்ச். அங்கிருந்து விளக்குவரை சுவர்மேல் கேசிங், அதுவும் கொஞ்சம் கோணல். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பீம் ஓரமா கொண்டுபோயிருக்கலாமே..." என்று ஆரம்பித்தேன். அவர் குழம்பிப்போய்ச் செல்வியைப் பார்த்தார். அவள் புது ஸ்விட்சைத் தட்டினாள். பளிச்சென்று எரிந்தது. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"நீங்க இறங்குங்கண்ணா. இவர் பேச்சைக் கேட்டா நீங்களும் யோசிக்க ஆரம்பிச்சிடுவீங்க."

வாசல்வரை போய் அவரை ஓரங்கட்டி விசாரித்தேன்: அவர் வீட்டு ஸ்விட்ச் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறதாம், யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.