வண்டி போச்சு

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரியிடம் பேசியதைச் சித்தப்பா யார் கேட்டாலும் ஒப்பித்தார். ஒரு சொல் கூடவோ குறையவோ செய்யாது.

"ஹலோன்னேன். ஒரு பொண்ணு எடுத்தா. பாலிசி நம்பர் கேட்டா, குடுத்தேன். என்ன ஆச்சுன்னா. 'மை கார் கான், மேடம்'னேன்."

"அப்புறம்?" என்றாள் அவள், அவருடைய அண்ணன் மகள்.

"கடைசியா எப்பப் பார்த்தீங்கன்னா. நேத்து சாயங்காலம்னேன். யாரு எடுத்துட்டுப் போனான்னு தெரியுமான்னா. தெரியாது, யாரோ ஒரு லாரிக்காரன்னேன்."

"சாவி?"

"அதையும் கேட்டா. வண்டியிலயே இருக்குன்னேன். இருக்கிறதைத்தானே சொல்லணும்?"

ஒவ்வொரு பதிலும் சத்தியம். சேர்த்து வைத்தால் அசல் கார் திருட்டு.

நடந்தது வேறு. சித்தப்பா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். அவர் பக்கமும் ஒரு பிரேக் வைத்த வண்டி. அதனால் மாணவர்கள் வைத்த பெயர் டபுள் பிரேக். வீட்டில் டிவியில் கார் வேகமாகப் போனாலும் அவருடைய கால் தரையை அமுக்கும். அன்று சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்றிருந்த வண்டியைப் பின்னால் வந்த வேன் நசுக்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. கம்பெனியே அனுப்பிய லாரி வண்டியைத் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் அவர் ஃபோன் செய்து, வண்டி போச்சு என்பதை ஆங்கிலத்தில் 'கான்' என்று சொன்னார்.

இப்போது அவள் மடியில் ஒரே கம்பெனியின் இரண்டு கடிதங்கள். வண்டி திருடு போனதற்கு வருந்துகிறோம், சாவியை உள்ளே விட்டதால் இழப்பீடு கிடையாது என்றது ஒன்று. விபத்து வண்டிகளை நிறுத்தும் எங்கள் யார்டில் வண்டியைப் பார்த்தோம், பழுது பார்க்கும் செலவு அதன் விலையைத் தாண்டுகிறது, முழு இழப்பு என்றது மற்றது. அதன் கீழேயே, ஒரே காருக்கு இரண்டு கதை சொல்லியிருப்பதால் விசாரணை.

"விசாரிக்கட்டுமே. மடியில கனமிருந்தாத்தானே பயம்?" என்றார் சித்தப்பா.

அவளுக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்லிப் பணம் கேட்டவர் என்று ஒரு கம்பெனி எழுதிவிட்டால் இன்னொரு கம்பெனி வாசலில்கூட நிற்க விடாது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் பாடம் எடுக்க முடியாது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

"உங்க இங்கிலீஷ்ல தீய வைக்க," என்றாள் சித்தி. "இவ பேசட்டும். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருக்கிறவ, இன்னைக்காவது ரெண்டு முத்து உதிர்க்கட்டும்."

தமிழ் தெரியாத விசாரணை அதிகாரி ஃபோனில் வந்தார். ஸ்பீக்கரைப் போட்டு சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தார்கள். பதிவான பதில்களை அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். அவள் மொழிபெயர்க்கும் முன்பே சித்தப்பா, "எஸ், எஸ், நான்தான் சொன்னேன்," என்றார்.

"கொஞ்சம் சும்மா இருங்களேன்!" என்று சித்தி அவர் தொடையில் கிள்ளினாள்.

அவள் ஃபோன் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் விளக்கினாள். எங்கள் மொழியில் ஒரு பொருள் கெட்டுவிட்டாலும் போச்சு என்றுதான் சொல்வோம். கண் போச்சு என்றால் கண் முகத்தில்தான் இருக்கும், பார்வைதான் இருக்காது. கார் அதுபோலப் போனது. உங்கள் யார்டில்தான் இருக்கிறது.

அதிகாரி அதைத் தட்டச்சு செய்துகொண்டார். பிறகு கேட்டார்: "சரி, கார் நிஜமாகவே திருடு போனால் என்ன சொல்வீர்கள்?"

அவள் யோசித்தாள். வேறு ஏதாவது சொல்லலாம். அவருக்கு என்ன தெரியப் போகிறது? ஆனால் பொய்க்காரர் இல்லை என்று காட்டத்தானே இவ்வளவும்.

"அதற்கும் போச்சு என்றுதான் சொல்வோம்," என்றாள்.

"என்னம்மா கேட்டான்? நீ என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொல்லிட்டேன், சித்தப்பா. திருடு போனாலும் போச்சுன்னுதான் சொல்வோம்னு."

சித்தப்பா நெற்றியில் கை வைத்தார். "அப்பப் போச்சு!"

"இப்போது அந்தச் சொல்லைத்தானே சொன்னார்?" என்றது ஃபோன். "இப்போது எது போனது?"

"அவருடைய நம்பிக்கை," என்றாள் அவள்.

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடும் அளவுக்கு ஒரு சிரிப்பு. வேன்காரருடைய வாக்குமூலத்தையும் லாரிக்காரருடைய ரசீதையும் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

சொன்னபடி கூப்பிட்டார். திருட்டு என்ற ஃபைலை மூடிவிட்டார்கள். விபத்து, முழு இழப்பு என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்த வயதுடைய காருக்கு உள்ள விலை வரும்.

"எவ்வளவுன்னு கேளுடி," என்றாள் சித்தி.

சித்தப்பா கையைக் காட்டிச் சித்தியை நிறுத்தினார். ஃபோனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அண்ணன் மகள் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, மூடிட்டா மட்டும் போதுமா? நாளைக்கு எவனாவது திறந்து பார்த்தா உள்ள நான் பொய்யனாத்தானே இருப்பேன்? இந்த ஆளு பொய் சொல்லலைன்னு மேல ஒரு வரி எழுதச் சொல்லு. அவன் பாட்டுக்கு எழுதிடப் போறான். ரெண்டு பாஷையிலயும் ஒரே அர்த்தம் வர்ற மாதிரி, அந்த வரியை நீயே சொல்லிக் குடும்மா."