வசந்தா நிறுத்த மறந்த கேசட்

ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த வழியே இல்லை. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு ஏற்ற வேலை என்று, கள்ளக்குறிச்சி வீட்டில் ஒரு வாரமாக இதையே செய்துகொண்டிருக்கிறேன். டேப்பில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. பஞ்சால் துடைத்தபோது, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தாற்போல ஒரு வாடை. வெள்ளிமலையில் நான் குடியிருந்த அறையிலும் அதே வாடைதான்.

முதல் வேலை அங்கே. கல்யாணமாகி இரண்டே மாதம். வசந்தா சின்னசேலத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். கடிதம் எழுத அவளுக்குச் சோம்பல். அதனால் கேசட்டில் ஒரு பக்கம் நான் பேசி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். மறுபக்கம் அவள் பேசி அனுப்புவாள். சாமைக் கதிர், பனி, அருவி என்று வகுப்பெடுப்பதுபோல வர்ணித்திருக்கிறேன். இப்போது கேட்டால் காது கூசுகிறது.

ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். என் வர்ணனைதான் அவளை மலையேற்றியது என்று முப்பது வருடமாக வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

நேற்று அவள் பக்கத்தை ஓடவிட்டேன். “அவ்ளோதாங்க, நிறுத்திடறேன்” என்றாள். அந்தக் காலத்தில் நானும் அதோடு அணைத்துவிடுவேன். மலையில் பேட்டரிக்குப் பட்டபாடு அப்படி. நேற்று அணைக்கவில்லை. அவளும் அன்று அணைக்க மறந்திருக்கிறாள். அவள் தங்கை செல்வியின் குரல் வந்தது.

“நெஜமாவே மலைக்குப் போறியாக்கா? அங்க இன்னா இருக்குதாம்?”

“அருவின்றாரு, பனின்றாரு. எனக்கு பயமாதான் இருக்குது. ஆனா இருமிக்கினே பேசறாரு, கேட்டியா? அதப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. யாருடி பாத்துக்குவாங்க?”

“அப்ப பொண்டாட்டியா போவல, நர்சம்மாவா போற!” செல்வி சிரித்த சிரிப்பு டேப் தீரும்வரை ஓடியது.

கேசட்டைத் திருப்பிப் போட்டு எண்ணினேன். பதினொரு இருமல். அருவி வர்ணனைக்கு நடுவிலேயே மூன்று.

சத்தம் கேட்டு வசந்தா சமையலறையிலிருந்து வந்து நின்றிருந்தாள்.

“அப்ப நீ அருவியப் பாக்க வரலையா?” என்றேன்.

“அருவியா? இத்தினி வருசத்துல ஒரு வாட்டி கூட்டிக்கினு போனீங்களா?”

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அவ சிரிச்சத மட்டும் இன்னொரு வாட்டி போடுங்க.”

போட்டேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் போட்டேன்.

செல்வி இறந்து ஆறு வருடமாகிறது. அவள் போட்டோக்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. பல் எடுப்பு என்ற கூச்சத்தில், எல்லாவற்றிலும் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பாள்.