முதல் வரியை நம்பாத சரோஜா அக்கா

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இறந்தவர் என்பதற்காக எதையும் கூட்ட மாட்டேன்; இருப்பவர் என்பதற்காகக் குறைக்கவும் மாட்டேன்.

வியாழக்கிழமை மாட்டுங்காவில் பள்ளி விட்டு தாராவிக்கு வந்தபோது அம்மா சால் எனப்படும் எங்கள் வரிசை அறைக் குடியிருப்பின் வாசலிலேயே நின்றிருந்தார். "சரோஜா போயிட்டாட்டி" என்றார். டெங்கு. ஐந்தே நாள். பக்கத்து அறை அக்கா. செம்பூரில் ஒரு சிறிய கம்பெனியில், வீட்டுக்கு மருந்து வரவழைக்கும் போன் ஆப்பை எழுதிவந்தவர். அழுகை வருவதற்கு முன் எனக்குக் கோபம் வந்தது.

ஆப் வெளிவருமுன் அதை என்னிடம் கொடுத்து, "எங்க, கெடுத்துக் காட்டு பாப்போம்" என்பார். ஒருநாள் கெடுத்துவிட்டேன். யாருக்கு மருந்து என்று கேட்கும் பட்டியலில், முதல் வரியில் இருந்த அப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். அதே நேரம் அம்மா தன் போனிலிருந்து அதே குடும்பப் பட்டியலில் அகிலா சித்தியின் பெயரைச் சேர்த்தார். அகர வரிசையில் சித்தி மேலே ஏற, அப்பா இரண்டாம் வரிக்கு இறங்கினார். தேர்வுக் குறி மட்டும் முதல் வரியிலேயே நின்றது. அப்பாவின் சர்க்கரை மாத்திரை கர்ப்பிணியான சித்தியின் பெயருக்குப் போய்விட்டது.

"ஏட்டி, திரும்பச் செய்!" மூன்று முறை செய்யவைத்தார். பிறகு தன் தலையில் தட்டிக்கொண்டார். "தப்பு என்னுதுதான். ஆளை ஞாபகம் வைக்காம இடத்த ஞாபகம் வச்சிருக்கேன்." எங்கள் வகுப்பில் புதிதாக ஒருத்தி சேர்ந்ததும் வரிசை எண்கள் மாறி, என் கணக்கு மதிப்பெண் இன்னொருத்திக்குப் போனதைச் சொன்னேன். "அதேதான்" என்றார். ஒவ்வொருவருக்கும் மாறாத ஓர் எண்; அந்த எண்ணைக் கொடுத்தால் ஆளைத் தரும் ஒரு தொகுப்பு; திரையில் காட்டும் வரிசைக்குத் தனியாக ஒரு பட்டியல். இதுதான் அவர் கண்ட தீர்வு.

சனிக்கிழமை என்னையும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் முதலாளி சிரித்தார். "அரே சரோஜா, லிஸ்ட் வெண்ணெய் மாதிரி ஓடுது. திங்கக்கிழமை லாஞ்ச். இப்ப போய் அடியோட மாத்துவியா? சல்தா ஹை, இப்படியே ஓடட்டும்."

"தப்பான ஆள்கிட்டயும் வெண்ணெய் மாதிரிதான் சார் ஓடும்."

"இந்தக் குழந்தைதான் உன் டெஸ்டரா?"

"ஆமா சார். சம்பளம் வாங்காம உண்மையச் சொல்லுதா."

ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து மாற்றி எழுதி அனுப்பினார். திங்களன்று பழையதே வெளிவந்தது. அதன்பின் வாரம் தவறாமல் முதலாளியிடம் கேட்டார். காய்ச்சலில் படுத்தபோதும், "புதுசப் போட்டாங்களான்னு பாருட்டி" என்றார். போடவில்லை.

நேற்று மாலை எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் இரங்கல் கூட்டம். "எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பொண்ணு" என்றார் முதலாளி. நான் எழுந்தேன்.

"பேசினாங்க சார். நான் பக்கத்துல இருந்தேன். அவங்க மாத்தி எழுதினத ஏன் போடல? எங்க அப்பாவுக்கு இதுலதான் மாத்திரை வருது."

"பாப்பா, இது அதுக்கான இடமில்ல."

அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். முன்வரிசையில் இருந்த சரோஜா அக்காவின் அம்மா திரும்பாமலே சொன்னார்: "விடு, அவ கேக்கட்டும்."

அப்பாவின் போனில் அப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். அம்மாவின் போனில், அப்பாவுக்கு மேலே வரும்படி ஒரு புதுப் பெயரைச் சேர்த்தேன். குறி ஆள் மாறி நின்றதை, உட்கார்ந்திருந்தவர்களுக்கு வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேர் அங்கேயே தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்காவை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: எந்தப் பட்டியலைச் சரி என்று யார் சொன்னாலும், இன்னொரு பெயரைச் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். கூட்டம் முடிந்ததும் முதலாளியிடம் திரும்பவும் கேட்டேன். "அடுத்த அப்டேட்ல பாக்கலாம்" என்றார். "எந்தத் தேதி சார்?" என்றேன். மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்று சொல்லி விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.