கோட்டுக்கு உள்ளே இரண்டு விரல்

மிசுஹோ ஹிராபயாஷிக்கு வயது நாற்பத்து மூன்று. நெரிமாவில் ஒரு சின்ன அனிமே நிறுவனத்தில், கீழிருந்து விளக்கெரியும் மேசைமேல் குனிந்து இருபத்திரண்டு வருடமாகப் படம் வரைகிறாள். விழுகிற பொருள் எதுவானாலும் அவளிடம்தான் வரும். கோப்பை, மழை, படிக்கட்டில் உருளும் ஆள், எல்லாம். "கண்ணால பாக்காததை அவங்களுக்கு வரையவே வராது" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். உண்மைதான். அந்தக் கண் பொய் சொன்னதில்லை. வாய்தான் ஒருமுறை சொல்லியிருக்கிறது.

இந்த வருடம் ஓர் இறகுப்பந்துத் தொடர் வந்தது. தோற்றால் கை குலுக்காத, மட்டையை விட்டெறிகிற திமிர்பிடித்தவள்தான் நாயகி. எட்டாம் பாகம்வரை மிசுஹோ சிரித்துக்கொண்டே வரைந்தாள். ஒன்பதாவதன் காட்சிகளைக் கட்டம் கட்டமாகக் குறித்த காட்சித்தாள் கைக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

விளையாட்டுக்கூடத்தில் மூன்றாவது சன்னலின் திரை கிழிந்து, வெயில் கீற்றாகக் கோட்டின்மேல் விழுகிறது. புள்ளிப் பலகையில் ஏழு தலைகீழாகத் தொங்குகிறது. கடைசிப் பந்து விழுகிறது. கோட்டோர நாற்காலியிலிருக்கும் பெண் இரண்டு கையையும் விரித்து "அவுட்!" என்று கத்துகிறாள். நாயகி "பொய்! பொய்!" என்று மட்டையை எறிகிறாள்.

அது மிசுஹோவின் சொந்த ஊர், மட்சுமோட்டோ. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய பள்ளிப் போட்டி. அந்த நாற்காலியில் இருந்தது மிசுஹோ.

அங்கே பள்ளிப் போட்டிகளில் தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்குக் கோடு பார்க்க வேண்டும். அழுது தீர்க்கக்கூட நேரம் தரமாட்டார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, உன்னைத் தோற்கடித்தவளுக்கே நீ நியாயம் சொல்ல வேண்டும். என்ன வழக்கமோ! பந்து உள்ளே விழுந்தால் சத்தம் போடாமல் வலது கையைக் கோட்டை நோக்கி நீட்ட வேண்டும். வெளியே என்றால் இரு கையும் விரித்துக் கத்த வேண்டும். அன்று அரையிறுதியில் சிசாதோ குசுனோகி அவளைப் பதினொன்றுக்கு இரண்டு என்று துவைத்துப் போட்டிருந்தாள். போதாததற்கு, "நீ கொண்டுவந்தது மட்டையா, விசிறியாடி?" என்று ஒரு கேள்வி வேறு. இறுதி ஆட்டத்தில் சிசாதோ அடித்த கடைசிப் பந்து கோட்டுக்கு இரண்டு விரல் உள்ளேதான் விழுந்தது. மிசுஹோ கையை விரித்தாள். சிசாதோ மட்டையை எறிந்து, நடுவரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். பள்ளி அவளை அணியிலிருந்தே நீக்கியது. அதன்பின் அவள் மட்டையைத் தொடவேயில்லை என்று கேள்வி.

தாள்களைக் கொண்டுவந்து கொடுக்கும் யாபுகியிடம் மெதுவாகக் கேட்டாள். "கதை யாரோடது?"

"புனைபேர்ல எழுதறாங்க. நிஜப் பேரு குசுனோகியாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் நேர்ல வர்றாங்க. இந்தப் பாகத்தைத் தானே பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க."

ஆக, கண்டுபிடித்துவிட்டாள். என்னை ஊரறிய நாறடிக்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பந்து விழும் காட்சியில் காட்சித்தாள் வெறும் கிறுக்கலாக இருந்தது. பந்தைக் கோட்டுக்கு வெளியே வரைந்து பார்த்தாள். பந்து செத்துக் கிடந்தது. அழித்தாள். மறுபடி வரைந்தாள், கை கேட்டால்தானே! பந்து தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை சிசாதோ வந்தாள். நரைத்த குட்டை முடி, சாந்தமான முகம். மிசுஹோவை அடையாளமே தெரியவில்லை. இவளுக்கு இப்போது கல்யாணத்துக்குப் பின் வந்த குடும்பப்பெயர், மூக்குக்கண்ணாடி. தாள்களை விரலிடுக்கில் வைத்துப் புரட்டினாள்.

"அற்புதம்ங்க. ஆனா பந்து வெளியே விழணும். அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி."

"சரியா?"

"நான்தான் பேய் மாதிரி கத்தினேன். பாவம், மூஞ்சி வெளுத்துப்போச்சு அதுக்கு. அவகிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் இந்தக் கதையே."

அடக் கடவுளே! தப்பித்தாயிற்று. ஒரு ரப்பர், ஒரு நிமிடம், அவ்வளவுதான் வேலை. "திருத்திடறேங்க" என்று மிசுஹோ ரப்பரை எடுத்தாள். தாளுக்காகக் கையை நீட்டினாள்.

சிசாதோ தாளைக் கொடுக்கவில்லை. மறுபடி புரட்டினாள். இன்னொரு முறை, இன்னும் மெதுவாக.

"நாயகி முழங்கால்ல பிளாஸ்திரி வரைஞ்சிருக்கீங்க."

மிசுஹோ தாளை எட்டிப் பார்த்தாள்.

"வலது கால். குறுக்குமறுக்கா ரெண்டு, அன்னிக்கு எனக்கு இருந்த மாதிரியே. நான் அதை எழுதவே இல்லையே." நிமிர்ந்தாள். முகத்தில் சாந்தம் இல்லை. "உங்களுக்கு எந்த ஊருங்க?"

மிசுஹோ ரப்பரைக் கீழே வைத்தாள். வலது கை மட்டும் மெல்ல நீண்டு, தாளிலிருந்த கோட்டைக் காட்டியது. அப்படியே நின்றது.

சிசாதோ அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கையை இறக்கு" என்றாள். "முதல்லேருந்து சொல்லு."