கிடாரத்தோடு கொட்டாஞ்சேனைக்கு

என் அக்காவுக்கு ஆறு வருடம் மத்தியானச் சோறு கொண்டுவந்து கொடுத்த பத்மா என்ற பெண்ணை, எங்கள் ஊர் வைரவர் கோயில் முன்றிலில், பூசை முடிந்து சனம் நின்ற நேரத்தில், நான் கள்ளி என்று சொன்னேன். அவள் கள்ளி அல்ல. அதை அன்றே நான் விசாரித்து அறிந்திருக்கலாம். விசாரிக்கவில்லை. அவளைத் தேடி வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போன பயணத்தையும் அதன் பின் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொடிகாமத்துக்குக் கிட்ட. பிள்ளைகள் கனடாவிலும் கொழும்பிலும் இருக்க, வயதுபோனவர்கள் தனித்தனி வீடுகளில் இருக்கும் ஊர். அவர்களுக்காக அங்கே ஒரு முறை இருந்தது. சமைக்கக்கூடிய வீடுகள் நாள் மாறி நாள் சோறு கொண்டுபோகும். கொண்டுபோகிறவர் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்து ஊர்க்கதை கதைத்துவிட்டுத்தான் எழும்புவார். சாப்பிட்டவர் முருங்கைக்காயோ தேங்காயோ ஏதாவது கொடுத்துவிடுவார். யார் எந்த வீட்டுக்குப் போவது, யாருக்குக் காய்ச்சல், யாரைக் குளிக்க வார்க்க வேண்டும் என்றெல்லாம் பார்த்து நடத்தியவள் பத்மா. புருஷனை இழந்தவள், ஐம்பது வயது இருக்கும்.

நான் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை கார் பிடித்து ஊருக்குப் போவேன். அப்படிப் போன ஒருமுறை, எங்கள் அம்மாவின் பித்தளைக் கிடாரம், அந்தப் பெரிய அண்டா, பத்மா வீட்டு அடுப்பில் இருப்பதைக் கண்டேன். வளவில் எங்கள் மரத்துத் தேங்காய்களும் கிடந்தன. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிடாரத்தைத் தூக்கிக் காரில் வைத்தேன். பின்னேரம் கோயிலில் அந்தச் சொல்லைச் சொன்னேன். அந்த மாதமே பத்மா கொழும்பில் கல்யாணம் முடித்திருந்த மகளிடம் போய்விட்டாள்.

அதன்பின் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் சிலரைச் சேர்த்து, கொடிகாமத்துச் சாப்பாட்டுக் கடையில் சொல்லி, ஓட்டோக்காரர் ஒருவர் வீடு வீடாகச் சோற்றுப் பார்சல் கொடுக்க ஒழுங்கு பண்ணினேன். கல்யாண மண்டபங்களில் இதைப் பற்றிப் பெருமையாகக் கதைத்தேன். பார்சல் ஒருநாளும் தவறவில்லை. ஓட்டோக்காரர் அதை வாசல் படலையில் கொழுவிவிட்டு ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார். முறைக்குப் போன வீடுகள் மெல்ல மெல்ல நின்றுவிட்டன.

சென்ற மாசியில் அக்கா குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், வழுக்கி விழுந்தா. மறுநாள் மத்தியானம் ஓட்டோக்காரர் வந்தபோது, முதல்நாள் பார்சல் காகம் கொத்திய கோலத்தில் படலையிலேயே தொங்கியிருக்கிறது. அவர் உள்ளே ஓடியிருக்கிறார். ஒரு பகலும் ஓர் இரவும் அக்கா சீமெந்து நிலத்தில் கிடந்திருக்கிறா. இடுப்பு முறியவில்லை. ஆனால் தனியே எழும்பி நடக்கும் தெம்பு போய்விட்டது. எண்பத்துநாலு வயது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து, கொழும்புக்கு வா என்று கேட்டேன்.

"உன்ர பிளட்டிலை நான் ஆரோடை கதைக்கிறது? லிப்டோடையோ?" என்றா. பிறகு, "பத்மாவைக் கேட்டுப் பார், தம்பி. அவள் கள்ளியில்லை. வராட்டிலும் கேள்" என்றா.

கொழும்புக்குத் திரும்பி, ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு வெள்ளவத்தை வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். கையில் அந்தக் கிடாரம். இத்தனை நாளும் அது என் வரவேற்பறையில் பிளாஸ்டிக் பூக்களோடு இருந்தது. எங்கள் மாடியில் ஆறு கதவுகள். நாலில் என்னைப் போல வயதுபோனவர்கள். இரும்புக் கிறில்லுக்குப் பின்னால் தொலைபேசியில் ரொறன்ரோவோடு கதைக்கும் குரல் கேட்கும். எதிர்வீட்டு அம்மாவின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

காலி வீதியில் மட்டக்குளி போகும் 155ஆம் இலக்க பஸ் வந்தது. சனம் நெருக்கம். கிடாரத்தை மடியில் வைக்க இடம் கிடைத்தது புண்ணியம். கண்டக்டர் சிங்களப் பெடியன். என்னைச் 'சீயா' என்று, அதாவது தாத்தா என்று கூப்பிட்டு, இதற்கும் ஒரு டிக்கட் எடுக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னான். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் மரக்கறிப் பையைக் காலுக்கிடையில் தள்ளிக்கொண்டு கேட்டாள்:

"எங்க ஐயா கல்யாணம்?"

"கல்யாணம் இல்லைப் பிள்ளை. இதை உரியவரிட்டைக் குடுக்கப் போறன்."

"இரவலா வாங்கினதா?"

"இல்லை. பறிச்சது."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

பம்பலப்பிட்டியில் பஸ் காலி வீதியை விட்டுத் திரும்பியது. நகர மண்டபம் தாண்டும்வரை அகலமான தெருக்கள், மரநிழல். மருதானையில் வெயிலும் புகையும். ஆமர் வீதியில் இரும்புக் கடைகளின் சத்தம். பத்துப் பதினொரு கிலோமீற்றர்தான் இருக்கும். ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்தது. நாற்பது வருடம் கொழும்பில் இருந்தும் கொட்டாஞ்சேனையில் நான் இறங்கியது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். வெள்ளவத்தைக்காரனுக்கு இது துறைமுகத்துப் பக்கம், அவ்வளவுதான்.

இறங்கியதும் கத்தோலிக்கரின் பெரிய கோவிலின் குவிமாடம் தெரிந்தது. அக்கா சொல்லிவிட்டிருந்த பத்மாவின் மருமகன் பெயரைச் சொல்லி ஒரு பேக்கரியில் வழி கேட்டேன். "அன்ரன் வீடா? ஹார்பர்ல கிரேன் ஓட்டுற அன்ரனா? நேராப் போய் மாதா கூட்டுக்கிட்ட திரும்புங்க" என்றார் கடைக்காரர். ஒழுங்கை இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். மேலே கொடிகளில் உடுப்புகள். திறந்த கதவுகளுக்குள் மீன் குழம்பு வாசம், தொலைக்காட்சிச் சத்தம். எல்லா வாசலிலும் ஆராவது இருந்தார்கள். எல்லாரும் என் கிடாரத்தைப் பார்த்தார்கள்.

பத்மா வாசற்படியில் இருந்து பேரப்பிள்ளையின் வாயில் முட்டை தீத்திக்கொண்டிருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"இதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலையோ வந்தனீங்கள், ஐயா?"

முன்பெல்லாம் என்னை அண்ணை என்பாள்.

மருமகன் அன்ரன் உள்ளே இருந்து வந்து, "வாங்க அங்கிள், இருங்க. டீ குடிப்பீங்களா?" என்று ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கதிரை கிடைத்திருக்குமோ என்னவோ.

கிடாரத்தைப் படியில் வைத்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்ததைச் சொன்னேன். நான் செய்தது பிழை, நீ கள்ளி இல்லை, என்னை மன்னித்துக்கொள். குரல் தாழ்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் தன் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பத்மா பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

"உங்கட அக்காவாலை அதைத் தூக்கேலாமப் போச்சு. கந்தையா அண்ணை பாரிசவாதத்திலை கிடந்தவர் எல்லே, அவரைக் குளிக்க வாக்கச் சுடுதண்ணி வைக்க ஒரு பெரிய ஏனம் வேணும் எண்டு தந்தவ. வேலாயுதத்தாருக்கும் அதிலைதான் வைச்சது. நீங்கள் கொண்டுபோன பிறகு, சோறு காய்ச்சிற பானையிலை தண்ணி வைச்சுத் தூக்கிக்கொண்டு ஓடினம்."

"அக்கா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

"கேட்டனீங்களோ?"

நான் கிடாரத்தைச் சுவரோடு ஒதுக்கி வைத்தேன்.

"தேங்காயும் அப்பிடித்தான். சும்மா சாப்பிட நானென்ன பிச்சைக்காரியோ எண்டு அவ திட்டித் திட்டித் தாறது. வாங்காமல் வந்தா அடுத்த நாள் சோத்தைத் தொடமாட்டா."

அன்ரன் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றார். இப்போது அவருக்கு விளங்கிவிட்டது. "இவர்தானா மாமி அந்தாள்?" என்று கேட்டார். அவர் கோப்பையை என் கையில் தந்தார், ஆனால் இருக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

அக்கா விழுந்ததைச் சொன்னேன். நிலத்தில் கிடந்ததைச் சொன்னபோதுதான் அவள் முகம் மாறியது. முதலாவதாக அவள் கேட்டது, "தண்ணி குடிச்சவவோ?" என்று. எனக்குத் தெரியவில்லை. அதையும் நான் கேட்டிருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வரமுடியுமா என்று கேட்டேன். வீட்டைத் திருத்தித் தருகிறேன், சம்பளமாகவே தருகிறேன் என்றேன்.

"சம்பளம்" என்று சொல்லிச் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "மகள் ரஜனி வேலைக்குப் போறாள். இவனை ஆர் பாக்கிறது? எனக்கு இஞ்ச குறையில்லை, ஐயா. பின்னேரத்திலை இந்த ஒழுங்கையே எங்கட வாசலிலைதான்." பிறகு குரலை மாற்றாமல் சொன்னாள்: "நீங்கள் அண்டைக்குச் சனம் முழுக்க நிக்கேக்கை சொன்னீங்கள். இண்டைக்கு என்ர காதுக்குள்ளை வந்து சொல்லுறீங்கள். அது எப்பிடிச் சரி வரும்? சொன்ன இடத்திலை போய்ச் சொல்லுங்கோ. நான் வந்து கேக்கமாட்டன். சனம் கேட்டாக் காணும், அது போதும்."

கிடாரத்தை அவள் வாங்கவில்லை. "இந்த வீட்டிலை வைக்க இடமில்லை. ஊரிலை குடுங்கோ" என்றாள். அதே இலக்க பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த வியாழக்கிழமை விடியற்காலை கோட்டை நிலையத்தில் வடக்கு ரயில் ஏறி, மத்தியானம் தாண்டிக் கொடிகாமத்தில் இறங்கினேன். மறுநாள் வைரவர் கோயிலில் பூசை முடிந்ததும் முன்றிலில் நின்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். முன்பு நின்ற கூட்டத்தில் பாதி இல்லை. இருந்தவர்களில் சிலருக்குக் காது கேளாது. பக்கத்தில் நின்றவர்கள் அவர்களுக்குத் திருப்பிச் சொன்னார்கள். என் குற்றம் இப்படி வாய்க்கு வாய் முன்றில் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

முன்னாள் தபாற்காரர் சிவலிங்கம் திருநீற்றைப் பூசிக்கொண்டே சொன்னார்: "இது எங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை?"

"நீங்கள் கொழும்பாலை கார் பிடிச்சு வந்து நிண்டு கத்திறியள். ஆர் கதைக்கிறது?" அவர் கீழே பார்த்தார். "நாங்களும் பிழைதான்."

அவர் மனைவி குறுக்கிட்டா. "அதுமட்டுமே? அவள் போனாப் பிறகு நாங்களும் விட்டிட்டம். பார்சல் வருகுதுதானே எண்டு. என்ர வாயாலை சொல்லுறன், எனக்கு அது சுகமாத்தான் இருந்தது."

நான் மன்னிப்புக் கேட்டால் ஊர் என்னைத் தேற்றும் என்று உள்ளுக்குள் எங்கோ நினைத்திருந்தேன் போலும். ஒருவரும் தேற்றவில்லை. வீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் திங்கட்கிழமை சிவலிங்கத்தின் மனைவி சோறு கொண்டுவந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்திருந்த அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தா. கிடாரம் இப்போது அவவின் வீட்டில். அதன்பின் இன்னும் இரண்டு வீடுகள் சேர்ந்தன. முன்பு போல இல்லை. சமைக்கக்கூடிய கைகள் குறைந்துவிட்டன, உள்ளவர்களுக்கும் வயது போகிறது. வெள்ளவத்தை வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு நான் அக்காவோடு வந்து இருக்கிறேன். எனக்குச் சோறும் பருப்பும் மட்டும்தான் சமைக்கத் தெரியும். அதைக் கந்தையா அண்ணைக்குக் கொண்டுபோகிறேன். அவர் ஒரு கைப்பிடி சாப்பிட அரைமணி நேரம் செல்லும். எழும்பிப் போகலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். நான் எழுபத்தெட்டு வயதில் முறைக்காரனாகியிருக்கிறேன். எனக்கு முறை தேவைப்படும்போது யார் இருப்பார்கள் என்று தெரியாது. கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் யாரும் அப்படி யோசித்ததாகத் தெரியவில்லை. அங்கே கதவுகள் திறந்திருந்தன. வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் அந்த யோசனை இருந்தது, கதவுகள் பூட்டியிருந்தன.

ஆவணி விடுமுறையில் பத்மா பேரப்பிள்ளையோடு வந்தாள். இரண்டு கிழமை, பதினாலு நாள் மட்டும். எனக்காக இல்லை என்று படலையிலேயே சொன்னாள். வீடு வீடாகப் போனாள். என் பருப்பைக் கந்தையா அண்ணை வீட்டில் ருசி பார்த்துவிட்டு, "மனுசன் இன்னும் உயிரோடை இருக்கிறது அதிசயம்" என்றாள். அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அவளும் அக்காவும் பகல் முழுக்கக் கதைத்தார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நிற்கும்.

திரும்பிப் போகும் நாள் கொடிகாமம் நிலையம்வரை கூடப் போனேன். ரயில் வர நேரமிருந்தது. என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்க வாய் வந்தது. கேட்டேன்.

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அக்காவுக்குக் கால் நகம் வளைஞ்சு சதைக்குள்ளை போகுது. வெட்டவிடமாட்டா. சுடுதண்ணியிலை கால் மணித்தியாலம் வைச்சு, பிடிச்சு இருத்தித்தான் வெட்டவேணும். விட்டிட்டா நடை இன்னும் போயிடும், ஐயா" என்றாள். ரயில் வந்தது. பிள்ளையை முதலில் ஏற்றி, பையை வாங்கிக்கொண்டு ஏறினாள். கை காட்டியது பிள்ளை.

அன்று பின்னேரம் ஒரு வாளியில் வெந்நீர் எடுத்து வந்து அக்காவின் கால்களை வைத்தேன். தண்ணீர் சூடு காணாது என்றா. மாற்றினேன். நகம் வெட்டியை எடுத்ததும் காலை இழுத்துக்கொண்டா.

"பத்மா நோகாமல் வெட்டுவாள்."

"ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டு, நிலத்தில் இருந்து, மற்றக் காலைப் பிடித்தேன்.