பதினேழாம் நம்பர் விமானம்

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மூன்று மணி வெயிலில். இதில் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. நம்புவது உங்கள் விருப்பம்.

என் பெயர் சத்யப்பிரியா. ஊர் வேப்பந்தட்டைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பெரம்பலூர் டவுனில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தேன். அரியலூர் போகும் சாலையை ஒட்டி ஒரு கம்பெனியில் வேலை. பெயர் வேண்டாம். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளுக்கு இரண்டு சீட் விமானம் செய்து கொடுப்பார்கள். செய்து முடித்ததைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

விமானத்தின் வாலில் ஒரு மடல் உண்டு. ஓட்டுபவர் கையிலிருக்கும் ஸ்டிக்கை இழுத்தால் அது மேலே போகும், விமானம் ஏறும். இரண்டையும் இணைக்கும் போல்ட் அதிர்வில் கழன்று விடாமல் இருக்க, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பின் போட வேண்டும். அந்தப் பின் இரண்டு மாதமாகக் கம்பெனிக்குச் சரியாக வரவில்லை. ஆனாலும் விமானங்கள் போய்க்கொண்டிருந்தன. பதினாறாம் நம்பர் விமானம் ஒரு பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பும்போது, பின் போட்டாச்சு என்று மேனேஜர் மகேஷ் வாயால் சொன்னார். வால் மூடியைத் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். திறக்க இருபது நிமிடம் ஆகும். லாரி காத்திருந்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகேஷ் போன் செய்தார். பதினேழாம் நம்பர் விமானம் நாளைக் காலையில் போக வேண்டும், வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போ என்றார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலையும் இல்லை. பேசவும் ஆள் இல்லை. கிளம்பிவிட்டேன்.

மதியம் 2:40. கேட்டில் வாட்ச்மேன் அரியமுத்து மட்டும் இருந்தார். கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார்.

"உள்ளாற யாருமில்லம்மா. கரண்டும் அஞ்சு மணிக்குத்தான் வரும். சட்டுனு முடிச்சிட்டு வந்துருங்க."

அவர் திரும்பிப் போய்விட்டார். தகரக் கூரைக்குக் கீழே அரை இருட்டு. நடுவில் வெள்ளையாகப் பதினேழு நின்றது. பேட்டரி இன்னும் மாட்டவில்லை. சுவரோரம் அலமாரியில்தான் இருந்தது. நான் பார்த்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மேசையில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தேன். தேதி எழுதினேன். பேனா கையெழுத்துக் கட்டத்துக்குப் போனது.

டக்.

வெயிலில் தகரம் விரிகிற சத்தம் என்று நினைத்தேன்.

டக்... டக்.

கூரையிலிருந்து வரவில்லை. விமானத்தின் வாலிலிருந்து வந்தது. மணி 3:05.

எழுந்து போனேன். வால் மடல் மெல்ல மேலே போனது. நின்றது. பொத்தென்று விழுந்தது. ஓட்டுபவர் சீட்டை எட்டிப் பார்த்தேன். ஸ்டிக் பின்னால் வந்து, முன்னால் போய், மறுபடியும் பின்னால் வந்தது. யாரோ இழுத்து இழுத்துப் பார்ப்பதுபோல்.

சீட்டில் யாரும் இல்லை.

ரேடியோவில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

திரும்பி அலமாரியைப் பார்த்தேன். பேட்டரி அங்கேயே இருந்தது.

கரகரவென்று சத்தம். நடுவில் மூச்சு. ஒரு பெண்ணின் மூச்சு. ஓடி வந்தவள் மாதிரி.

"சார்... ஸ்டிக் லூசா இருக்கு... வரல சார்..."

ஓடத்தான் நினைத்தேன். கால் வாலை நோக்கிப் போனது. மூடியின் திருகுகளைக் கழற்றினேன். இரண்டு முறை திருப்புளி கைநழுவி விழுந்தது. செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன்.

பின் இல்லை.

போல்ட் பாதி வெளியே வந்திருந்தது.

"பறக்காதம்மா... பின் இல்ல... பறக்காத..."

யாரிடம் சொன்னேன் என்று தெரியாது. அழுதுகொண்டே கத்தினேன்.

பச்சை விளக்கு அணைந்தது.

3:31.

கேட்டுக்கு ஓடினேன். என் சத்தம் மட்டும்தான் கேட்டதாக அரியமுத்து சொன்னார். தண்ணீர் கொடுத்தார். மகேஷுக்குப் போன் போட்டேன். பதினேழில் பின் இல்லை, பதினாறிலும் இருக்காது, அந்தப் பள்ளிக்குச் சொல்லி உடனே நிறுத்துங்கள் என்றேன்.

"லீவு நாள்ல யாரு போன் எடுப்பா? நாளைக்கு மீட்டிங்ல பேசிக்கலாம். நீ கையெழுத்துப் போட்டியா, இல்லியா?"

போடவில்லை என்றேன். போனை வைத்துவிட்டார். பள்ளிக்கு நானே பதினொரு தடவை அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. 4:10க்கு மெயில் அனுப்பினேன். அன்று இரவு அறையில் போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை 7:48க்குப் பதினாறாம் நம்பர் விமானம் ஒரு சோளக்காட்டில் விழுந்தது. தனியாக ஓட்டிப்போன பெண் இறந்துவிட்டாள். லப்பைக்குடிக்காட்டுப் பெண், இருபது வயது, பெயர் ஃபஹ்மிதா. என் மெயிலை அந்தப் பள்ளியில் திறந்தது 9:30க்கு.

நாற்பதாம் நாள் முடிந்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது கையெழுத்தைப் போடவில்லை என்பதைச் சொல்லவில்லை. முதல் கையெழுத்து என்னுடையது என்பதைச் சொன்னேன். அவள் அம்மா ஹபீபா என்னைத் திட்டவில்லை. மகள் கடைசியாக அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் காட்டினார்.

"உம்மா, நாளைக்கு நான் மட்டும் தனியா ஓட்டப்போறேன். துவா செய்ங்க."

அதே குரல்.

வேலையை விட்டுவிட்டேன். மகேஷ் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார். ஆறு மாதம் கழித்து விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பதினாறு கிளம்பும் முன் ரேடியோவில் பதிவான பேச்சை அதிகாரி போட்டார். திங்கட்கிழமை காலை 7:31. விமானம் இன்னும் தரையில்தான் நிற்கிறது. ஃபஹ்மிதா தன் பயிற்சியாளரிடம் பேசுகிறாள்.

"சார், ரேடியோல ஒரு அக்கா குரல் வருது. பறக்காதம்மா, பின் இல்லங்கறாங்க. அழறாங்க சார்."

"வேற லைன் கலந்திருக்கும். நீ கிளம்பு."