முப்பது ஃபிளாப்பியும் ஒரு நாகஸ்வரமும்

இன்று காரைக்குடி பிரவுசிங் சென்டரில் நடந்ததை நம் மின்னஞ்சல் குழுவில் கொட்டாவிட்டால் எனக்கு ஆறாது.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி கார்டு போட்டு, துளி ஒலியும் குறையாத நாகஸ்வரப் பதிவு ஒன்றை இணையத்தில் வாங்கியிருந்தான். ஒரே ஒருமுறைதான் இறக்கலாம். இறங்கி முடிய மத்தியானம் ஆனது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஏற்றிக்கொள்ள முப்பது ஃபிளாப்பி கொண்டுபோயிருந்தேன்.

கடைக்காரரிடம் ஏற்றச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டு வந்தேன். சிரித்தபடி மூன்றை மட்டும் நீட்டினார்.

“இம்புட்டையும் சுமந்துக்கிட்டு ஒங்க ஊரு நெற்குப்பைக்கு எப்புடிண்ணே போவீக? பாட்டச் சுருக்கி மூணுல அடக்கிட்டேன்.”

“அப்ப அந்தப் பெரிய ஃபைலு?”

“அழிச்சாச்சுண்ணே. மெஷின்ல எடமில்ல.”

அங்கேயே போட்டுக் கேட்டேன். அந்தக் காலத்து டிரங்க் கால் ஃபோனில் ஊதுவதுபோல் இருந்தது.

இருபத்தேழு புது ஃபிளாப்பி மிச்சம். யாருக்கு வேண்டும்? சுருக்காமல் தருகிறேன்.